லேபிள வெட்டிப் பாரு, சாமி

வா சாமி. செருப்ப அங்கயே உட்டுட்டு இப்படித் திண்ணையில குந்து. இரு, இந்த டேப்லெட்ட ஓரமா வச்சுக்கறேன், தண்ணி கிண்ணி பட்டுறப் போவுது. நீ வாங்கிக் குடுத்ததாச்சே. என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? சாயப்பட்டறைல இருந்து ஷேடு மாறி வந்துருச்சா? நூல் வெல ஏறீருச்சா? பையரு டிஸ்கவுண்டு கேக்கறானா? இதெதுவும் இல்லியா?

என்னது, பிரவுசரா?

அஞ்சு பொட்டிக்கும் சேத்து ஒரே பிரவுசராப் புடிக்கோணும், எதுன்னு தெரியல, மூணு நாளாத் தூக்கமில்ல. சரி சரி, படபடன்னு பேசாத. அப்பத்தாகிட்டச் சொல்லி மோரு கொண்டாரச் சொல்றேன். பெரிய சீக்குத்தான். என்ற காலத்துல ஏத்துமதிக் கோட்டா கெடைக்குமா கெடைக்காதான்னு தூக்கம் போவும். அந்தக் கோட்டா 2005 சனவரி 1-ந் தேதியோட ஒழிஞ்சுது. உங்கொப்பனுக்கு 2011-ல போச்சு, சாயப்பட்டறையெல்லாம் பூட்டுன்னு ஹைகோர்ட்டு சொன்னப்ப. உனக்குப் பிரவுசரால போவுது. குடும்பம் முன்னேறீட்டு வருதுன்னு வச்சுக்குவோம்.

சிரிக்கல சாமி, இரும்பறேன்.

எனக்கு ஒண்ணு சொல்லு. நம்ம கம்பெனில ஓவர்லாக் இருக்குது, பேட்லாக் இருக்குது, சிங்கரு இருக்குது. தோளையும் சைடையும் சேக்கறது ஓவர்லாக்கு. அடி மடிக்கறது பேட்லாக்கு. லேபிள் வைக்கறது சிங்கரு. ஒரு டெய்லரு வந்து, "எனக்கு ஓவர்லாக்குத்தான் புடிச்சிருக்குது, எல்லாத்தையும் அதுலயே அடிச்சுத் தள்றேன்"னு சொன்னா அவன சனிக்கெழமை சம்பளம் வரைக்குங்கூட வச்சிருப்பியா? கைமடிப் பொண்ணுககூட வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும். அங்க மட்டும் மெஷினுக்குத் தக்க வேல, வேலைக்குத் தக்க மெஷினு. கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள ஏசியப் போட்டதும் உனக்கு அது மறந்து போயிருது.

"அப்பாரு, உங்களுக்கு என்ன தெரியும் பிரவுசரப் பத்தி"ன்னு கேக்கற. கேளு, கேளு. கேக்கறதுக்கு உரிமை இருக்குது.

நம்மூர்ல பிரவுசிங் சென்டருன்னு ஒரு தொழிலு நடந்துச்சு, நீ அப்பத் தொட்டில்ல இருந்த. மூங்கில் தட்டி மாதிரி பலகைய வச்சு மறச்சுக் கூண்டு கூண்டா இருக்கும். மணிக்கணக்குக்குக் காசு. பையரு மெயில் போட்டிருக்கானான்னு பாக்க நான் டிவிஎஸ் அம்பதுல போவேன். அங்க எல்லாப் பொட்டிலயும் நீலக்கலர்ல ஒரு 'ஈ' எழுத்து. இன்டர்நெட் எக்ஸ்புளோரர். மைக்ரோசாஃப்ட்காரன் 1995-ல கொண்டாந்தது. அதுக்கு முந்தின வருசமே வந்து ஊரையே வளச்சுப் போட்டிருந்தவன் நெட்ஸ்கேப்புக்காரன். இவன் பொட்டி கூடவே சும்மா குடுத்தான், அவன் கடையே படுத்துப் போச்சு. சும்மா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதேன்னு பெரியவிய சொல்லி வச்சாங்க. மாட்டுக்குச் சரி. சும்மா குடுக்கற சாப்டுவேருக்கு வாய நல்லாத் தெறந்து கடவாப்பல்லு வரைக்கும் பாக்கோணும்.

அந்த 'ஈ'ல இன்னொரு கூத்து. தமிழ்ப் பத்திரிகைய நெட்டுல படிக்கலாம்னு போவேன். அப்பல்லாம் யூனிகோடு பரவல. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அந்த எழுத்துருவத் தானா எறக்கிக் காட்டற வேலைய மைக்ரோசாஃப்ட்டு முறையில பண்ணி வச்சிருந்தவிய நெறையப் பேரு. 'ஈ'ல தெறந்தாத் தமிழு. வேற பிரவுசர்ல தெறந்தா, பட்டாணிக் கடலையக் கொட்டி வச்சாப்பல என்னமோ ஒரு பாஷை. ஃபயர்ஃபாக்ஸு 2004-ல வந்ததுக்கப்புறம் 'பத்மா'ன்னு ஒரு ஒட்டு மென்பொருள் வந்துச்சு, அதச் சேத்துக்கிட்டா அந்தக் கடலையெல்லாம் எழுத்தா மாறும். ஒரு பத்திரிகையப் படிக்கறதுக்கு ஒட்டுப் போட்ட பிரவுசரு! அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது: பிரவுசர நாம தேர்ந்தெடுக்கறதில்ல, போற எடத்துக்காரன் நமக்குத் தேர்ந்தெடுத்துக் குடுக்கறான்.

கொரியாவுல இதவிட மோசம். நம்ம தொழிலு சம்பந்தப்பட்டது, காதக் குடு. அங்க பேங்கு, கடைகண்ணி எல்லாத்துக்கும் ஆக்டிவ்எக்ஸுன்னு ஒண்ணு வேணும், அது 'ஈ'ல மட்டுந்தான் ஓடும். 2013 கடைசில ஒரு நாடகம் போட்டாங்க டிவில. கதாநாயகி ஒரு கோட்டு போட்டுக்கிட்டு வருவா. அதப் பாத்துட்டுச் சீனாக்காரப் பொண்ணுக எல்லாம் அந்தக் கோட்டுத்தான் வேணும்னு கொரியாக்காரன் கடை சைட்டுக்குப் போனா, வாங்க முடியல. ஆக்டிவ்எக்ஸு, சான்றிதழு, அது இதுன்னு வாசல்லயே நிறுத்தீருச்சு. கையில காசு வச்சுக்கிட்டு நிக்கறா, சரக்கு உள்ள இருக்குது, கதவு தெறக்கல! 2014 மார்ச்சுல அந்த நாட்டு ஜனாதிபதியம்மாவே கூட்டத்துல அந்தக் கோட்டப் பத்திப் பேசுச்சு. ஒரு கோட்டு விக்காததுக்கு ஒரு நாடே வெக்கப்பட்டுது. நம்மூரா இருந்தா ரெண்டே நாள்ல அதே கோட்ட அடிச்சுச் சந்தைக்குக் கொண்டாந்திருப்போம், அது வேற விசயம்.

போட்டி இல்லீன்னா என்ன ஆவும்ங்கறதையும் அந்த 'ஈ'ல பாத்தேன். 2001-ல 6-ம் நம்பரு விட்டான். 7-ம் நம்பரு வந்தது 2006-ல. அஞ்சு வருசம்! ஊருக்கு ஒரே சாயப்பட்டறைன்னா பட்டறைக்காரன் எப்படிப் பேசுவான்? "இதான் கலரு, இஷ்டம்னா எடுத்துக்க." கடைசீல 2022 ஜூன் 15-ந் தேதி அதுக்குக் கருமாதி பண்ணுனானுக. யாரும் அழுவல. நம்ம அக்கவுண்ட்ஸ் ரூமுல மட்டும் ரெண்டு நாளு எழவு வீடு மாதிரி இருந்துச்சு, டிஜிட்டல் கையெழுத்துப் போடற ஒரு சைட்டு அதுல மட்டுந்தான் ஓடும்னு.

சரி, நீ வச்சிருக்கற பட்டியலப் படி. குரோமு, எட்ஜு, ஓபெரா, பிரேவு, விவால்டி, உலா. இந்த ஆறும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குதுன்னு மூணு நாளாத் தராசு புடிச்சிருக்க.

கண்ணு, காதர்பேட்டைக்குப் போயிருக்கியா? போயிருப்ப. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸு குமிச்சு வச்சிருப்பான். கழுத்துப் பக்கம் லேபிள பாதி வெட்டி உட்டிருப்பான். வெளியூர்க்காரன் மீதிப் பாதி எழுத்த வச்சுக்கிட்டு இது என்ன பிராண்டுன்னு மண்டைய ஒடச்சுக்குவான். நம்மாளு எழுத்தப் பாக்கவே மாட்டான். துணியப் புடிச்சுக் கட்டவெரல்ல உருட்டுவான், உள்பக்கம் திருப்புவான், தையலப் பாப்பான், வெலயச் சொல்லுவான். அவனுக்குத் தெரியும், ஒரே மெஷின்ல ஒரே டெய்லரு காலைல ஒரு லேபிளும் பொழுதோட ஒரு லேபிளும் வச்சுக் குடுத்தது.

இந்த ஆறு பிரவுசரும் அதே கதைதான். அத்தனையும் ஒரே நூலு. குரோமியம்னு பேரு. கூகுள்காரன் 2008-ல குரோமக் கொண்டாந்தப்பவே நூத்து வெளிய வச்சுட்டான், யாரு வேண்ணாலும் கோனு கோனா எடுத்துட்டுப் போயி நெய்யலாம். அதுவும் அவன் நூத்தது முழுசுமில்ல. கே.டி.ஈ.ன்னு தன்னார்வப் பசங்க கூட்டம் ஒண்ணு நூத்து வச்சிருந்தத ஆப்பிள்காரன் எடுத்து, வெப்கிட்டுன்னு பேரு வச்சு, 2003-ல சஃபாரி தெச்சான். கூகுள்காரன் அந்த வெப்கிட்டுல ஆரம்பிச்சவன், 2013-ல அண்ணந்தம்பி பாகம் பிரிக்கறாப்பலப் பிரிச்சுக்கிட்டு, அதுக்குப் பிளிங்க்குன்னு பேரு வச்சான். மைக்ரோசாஃப்ட்டு இருக்கானே, எவ்வளவு பெரிய ஆளு! அவனே எட்ஜுக்குன்னு வச்சிருந்த சொந்த மில்ல மூடீட்டு 2020 சனவரில இருந்து கூகுள்காரன் கோனத்தான் வாங்கி ஓட்டறான். நேத்து வரைக்கும் எதுத்த வீட்டுக்காரன், இன்னிக்குக் கொடுக்கல் வாங்கல்.

ஒரே நூலுன்னா ஒரே சட்டைன்னு நான் சொல்ல வரல. முப்பதாம் நம்பரு நூலுலயே ஒருத்தன் தொட்டா வழுக்கறாப்பல துணி குடுப்பான், இன்னொருத்தன் ரெண்டு தண்ணிக்கே சுருங்கறாப்பலக் குடுப்பான். காம்பேக்டிங்கு, சாயம், பிசுறு வெட்டறது, அதுல இருக்குது வித்தியாசம். பிரேவு விளம்பரத்த வெட்டி எறிஞ்சுட்டுத் தருவான். எட்ஜு பழைய 'ஈ'ய வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான், 2029 வரைக்குமாவது வச்சிருக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கான். ஆனா சைட்டு தெறக்குமா தெறக்காதாங்கற கவலைக்காக இந்த ஆறுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கறன்னா, நீ ஒரே கோனோட ஆறு பக்கத்தையும் மோந்து பாத்துக்கிட்டிருக்கற.

வேற மில்லு வேணும்னா உலகத்துலயே பெருசா ரெண்டுதான் பாக்கி. ஒண்ணு ஆப்பிளு. இன்னொண்ணு ஃபயர்ஃபாக்ஸு, படுத்துப் போன நெட்ஸ்கேப்புக்காரன் 1998-ல ஊருக்கு எழுதி வச்ச சொத்துல இருந்து மொளச்சது. கெக்கோன்னு சொந்த நூலு. எனக்கு அவன் மேல ஒரு பாசம். ஆனா கணக்கப் பாத்தா வவுறு எரியுது. அவனுக்கு வர்ற வருமானத்துல பெரும்பங்கு எங்கிருந்து வருது? தேடற பொட்டியில எங்க பேர முதல்ல வையின்னு கூகுள்காரன் குடுக்கற காசு! சொந்த மில்லு, ஆனா ஒரே பையரு. திருப்பூர்ல இருந்துக்கிட்டு அதுக்கு அர்த்தம் உனக்குச் சொல்லோணுமா? உன்ற சின்னத் தாத்தன் கத மறந்து போச்சா?

உலாவப் பத்திக் கேட்ட. நல்ல கேள்வி. நம்ம தமிழ்நாட்டு சோகோக்காரிய 2023 மே மாசம் உட்டது. பேரக் கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்துல தமிழய்யா ஒட்டக்கூத்தர் மூவருலாவப் பத்திச் சொல்லுவாரு. சோழ ராசா யானை மேல வீதியில உலாப் போவாரு. பேதைல இருந்து பேரிளம்பெண்ணு வரைக்கும் ஏழு பருவத்துப் பொம்பளைகளும் வாசல்ல நின்னு பாத்துப் பாத்து உருகுவாங்க. இப்ப நெட்டுல நீ உலாப் போற. நீதான் ராசா. வாசல்ல நிக்கறது ஏழு பருவத்துப் பொண்ணுகன்னு நெனச்சுக்காத. அத்தனையும் விளம்பரக் கம்பெனி. நீ எந்தக் கடையில நின்ன, எத்தன நிமிசம் நின்ன, எந்தச் செருப்பத் தொட்டுட்டு வாங்காமப் போனன்னு எழுதிக்கிட்டே உருகறானுக. இந்த உலாக்காரிய அவியளப் பாக்க உடாம மறைக்கறோம்னு சொல்லித்தான் விக்கறாங்க. வேலைக்கு ஒரு அறை, வீட்டுக்கு ஒரு அறை, பசங்களுக்கு ஒரு அறைன்னு பிரிச்சும் வச்சிருக்காங்க. உள்நாட்டுப் பிரவுசருக்காக மத்திய அரசு வச்ச போட்டியில முதப் பரிசும் வாங்குச்சு. நூலு அதே குரோமியந்தான். அதனால என்ன, நாம மட்டும் பருத்தி வெதச்சா பனியன் தெக்கறோம்? நூல வெளிய வாங்கித்தான் ஊரே பொழைக்குது.

இதுல காசு எங்க இருக்குதுன்னு நீ கேக்கவே இல்லியே. ஏவாரி பேரனுக்கு அதுதான மொதல்ல தோணோணும்?

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு உன்னையச் சின்னதுல தூக்கிட்டுப் போயிருக்கறேன். காங்கேயங்காள வாங்கறவனும் விக்கறவனும் கைமேல ஒரு துண்டப் போட்டுக்குவாங்க. துண்டுக்கு அடியில வெரலப் புடிச்சு வெல பேசுவாங்க. சுத்தி நிக்கற நூறு பேத்துக்கும் ஒண்ணுந் தெரியாது. ஆப்பிள்காரன் போன்ல தேடற எடத்துல கூகுளு ஏன் வந்து உக்காந்திருக்குதுன்னு நமக்குத் தெரியாத மாதிரி. அமெரிக்காவுல கோர்ட்டு அந்தத் துண்ட எடுத்துப் பாத்துச்சு. இப்படி முதல் எடத்துல உக்கார்றதுக்குன்னு 2021-ங்கற ஒரே வருசத்துல கூகுள்காரன் ஊரெல்லாம் குடுத்தது 2,630 கோடி டாலரு. டாலரு சாமி, ரூவா இல்ல. 2024 ஆகஸ்டுல, இது சட்டத்த மீறுன ஏகபோகம்னு ஜட்ஜு சொன்னாரு. குரோம வித்துத் தொலைங்கன்னு சர்க்கார் தரப்புல கேட்டாங்க. 2025 செப்டம்பர்ல, விக்க வேண்டாம், ஆனா என்னைய மட்டும் வைய்யின்னு ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு முடிச்சாங்க. பொட்டியத் தெறந்ததும் முதல்ல நிக்கற பிரவுசர உட்டு நகர மனசு வராம ஒரு சோம்பேறித்தனம் நமக்கு இருக்குது பாரு, அதுக்குத்தான் அத்தன கோடியும்.

இப்ப உன்ற பொட்டிகளுக்கு வருவோம், மோரு ஆறீருச்சு. மோரு எப்பவுமே ஆறினதுதான்னு சொல்லாத, குடி.

அக்கவுண்ட்ஸ் பொட்டி. அதுல ஜி.எஸ்.டி, ஈ-வே பில்லு, பேங்கு, கையெழுத்து டோக்கன். அங்க உனக்குப் புடிச்சது எடுபடாது. டோக்கனுக்கு எது புடிக்குதோ அதுதான் பிரவுசரு. ஜாவாவுல கையெழுத்துப் போட்ட காலத்துல, 2015-ல குரோமு அந்தப் பழைய சொருகி எல்லாத்தையும் புடுங்கிப் போட்டப்ப டெண்டர் போடறவிய எல்லாம் பொடக்காலிக்கும் வாசலுக்கும் நடந்தாங்க. 2017-ல ஃபயர்ஃபாக்ஸும் புடுங்கீட்டான். அதுல இருந்து நான் சொல்றது, அந்த ரூமுல ரெண்டு மில்லுப் பிரவுசரு இருக்கோணும். ஒண்ணு மொரண்டு புடிச்சா இன்னொண்ணு.

செக்கிங் செக்சன்ல பார்கோடு ஸ்டிக்கரு அடிக்கற பொட்டி, விண்டோஸ் 7. அதுக்கு எந்தப் பிரவுசருன்னு கேக்கற. 2020 சனவரி 14-லயே மைக்ரோசாஃப்ட்டு அதக் கை கழுவீட்டான். குரோமு 109-வது பதிப்போட 2023-ல நின்னு போச்சு. அந்தப் பொட்டிக்குப் பிரவுசரு வேண்டாம். நெட்டு ஒயர புடுங்கி உடு. ஸ்டிக்கரு அடிக்கறதுக்கு எதுக்கு ஊர் சுத்தோணும்? அந்தப் பையன் மத்தியானத்துல சினிமாப் பாக்க முடியாதுன்னு மூஞ்சியத் தூக்குவான். தூக்கட்டும்.

பையரு வந்தாக் காட்டறதுக்குன்னு கடிச்ச ஆப்பிளு ஒண்ணு வாங்கி வச்சிருக்கியே, அதுல சஃபாரி இருக்குது, அந்த மெஷினுக்குன்னே அளவெடுத்துத் தெச்சது. உட்டுரு. உன்ற ஐபோன்ல குரோமப் போட்டுட்டேன்னு போன மாசம் பெருமையாச் சொன்ன. அங்கதான் எனக்குச் சிரிப்பே வந்துச்சு. ஐரோப்பாக்காரிய சட்டம் போட்டு 2024-ல ஆப்பிள்காரன மடக்குனாங்க, நமக்கு அந்த யோகமில்ல. நம்மூரு ஐபோன்ல எந்தப் பிரவுசரப் போட்டாலும் உள்ளுக்குள்ள ஆப்பிள்காரன் வெப்கிட்டுத்தான். நீ போட்டது குரோமு இல்ல சாமி, குரோம் லேபிளு.

மெர்ச்சண்டைசர் புள்ள அது பாட்டுக்கு எதையோ வச்சு நேரத்துக்கு மெயில் போடுது. அதக் கெடுக்காத.

"எல்லாத்துலயும் ஒண்ணே இருந்தா பாஸ்வேர்டு ஒட்டுக்கா வந்துருமே அப்பாரு"ங்கற. அப்பிடிச் சொல்லு. இதுக்குத்தான் இத்தன நேரம் சுத்துனமா? உனக்கு வேணுங்கறது பிரவுசரு இல்ல, கொத்துச்சாவி. அதுக்குப் பாஸ்வேர்டு வைக்கறதுக்குன்னே தனியா ஆப்பு இருக்குது, எந்தப் பிரவுசர்லயும் ஒட்டிக்கும். ஃபயர்ஃபாக்ஸுல ஒட்டுக்கா வைக்கறது பூட்டுப் போட்டுத்தான் போவும், அவனாலயே தெறந்து பாக்க முடியாது. அந்தச் சாவிய நீ எங்கெங்க தொங்க உட்டிருக்கேன்னு கொஞ்சம் எண்ணிப் பாரு. ஆடில கணக்க முடிச்சுட்டு நின்னுட்டுப் போனானே அக்கவுண்டண்ட் பையன், அவன் போன்ல கம்பெனிக் கணக்கு இன்னும் உள்ள இருக்குதா, எடுத்துட்டியா? யோசிக்கற. யோசி.

இன்னொண்ணு. இந்த டேப்லெட்டு. பழசா இருக்குது, அப்பாரு பஞ்சாங்கமும் பழைய பாட்டும் பாக்கட்டும்னு பெரிய மனசு பண்ணிக் குடுத்த. உன்ற கணக்க எடுக்காமயே குடுத்துட்ட. பிரவுசர்ல ஒரு ஓரத்தத் தொட்டா, "மத்த சாதனத்துல தெறந்திருக்கற பக்கம்"னு காட்டுது. நீ போன்ல என்ன தெறந்தாலும் இங்க வந்து நிக்குது, மழைக்கு ஒதுங்கற கோழியாட்டம். நான் பாக்கல. கண்ணுல பட்டுது.

வெள்ளிக்கெழமை நூல் பாக்க ஈரோடு போறேன், ரெண்டு நாளு ஆவும்னு உங்கம்மாகிட்டச் சொல்லீருக்கியாமா. போயிட்டு வா. ஈரோட்டுல நூலு நல்லாத்தான் இருக்கும். ஆனா நீ பாத்து வச்சிருக்கற ரூமு இருக்கற வால்பாறைல இந்த மாசம் குளிரு எச்சு. கம்பெனில இருந்து ரெண்டு சுவெட்டரு எடுத்துக்க. ரெண்டு எதுக்குன்னு என்னையக் கேக்காத. லேபிள் வெட்டாததாப் பாத்து எடு, அந்தப் புள்ள முன்னாடி மானத்த வாங்காத.